முப்பத்தொன்பது விநாடி

மண்டபத்திலிருந்து மாற்றலாகிப் போன
கடலோரக் காவல் அதிகாரி
கொண்டுபோக முடியாமல் விற்றது.
எண்பத்தெட்டுக் கட்டை. கையேடு இல்லை.
ஐஸ் கம்பெனி போனஸோடு சீட்டுப் பணமும் போட்டு
சரக்கு ஆட்டோவில் பாம்பனுக்கு ஏற்றிவந்தேன்.
'என்ன, மீன் பெட்டியா?' என்றார்கள் தெருவில்.
'பியானோ.'
'கரண்ட்லயா ஓடும்?'

பொத்தான்கள் நான்கே நான்கு.
மேலிருந்த எழுத்தை உப்புக்காற்று தின்றுவிட்டது.
ஒன்றை அமுக்கிப் பிடித்தபடி கட்டையைத் தொட்டால்
கட்டை ஒலிக்காது, வேலை பார்க்கும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.
இடது ஓரக் கட்டை ஆர்கன்.
அதற்கடுத்தது வயலின், குளிரில் நடுங்குகிற மாதிரி.
நடுவில் ஒன்று
எல்லாவற்றையும் அரைச் சுருதி இறக்கிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.
ஞாயிறு பூசையில் பாடிப் பழகிய தொண்டை
இரண்டு நாள் என்னையே சந்தேகப்பட்டது.

இங்கே ஆளுக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர்,
படகில் கூப்பிட இன்னொன்று.
கட்டைகளும் அப்படித்தான்.
பார் ஐஸ் கணக்கு நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தேன்.

ராத்திரி வாசிப்பு ஹெட்போனில்.
எனக்குள் மழை கொட்டும்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவுக்கு
வெறும் தொக், தொக்.
'பதினோரு மணிக்கு என்னத்தக்கா வெட்டுற?'
'முருங்கைக்காய்' என்று சொல்லித் தொலைத்தேன்.
காலையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

பதிவு செய்யவும் ஒரு பொத்தான் உண்டு.
அமுக்கினால் சிவப்பு விளக்கு கண்சிமிட்டும்,
முதல் கட்டை விழும்வரை காத்திருக்கும்,
விழுந்ததும் எண்ண ஆரம்பிக்கும்.
ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம்.
அடுத்தது வந்தால் முந்தையதை
ஒரு வார்த்தை கேட்காமல் அழிக்கும்.

வலது கை தனியாக, இடது கை தனியாக,
பிறகு இரண்டும் சண்டை போட்டுச் சமாதானமாகி
இரண்டு மாதம்.
வியாழன் இரவு பிசகில்லாமல் பதிவானது.
வெள்ளி படகு போகாத நாள்.
பிலவேந்திரன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து
'இது எதுக்கு?' என்று அமுக்கினார்.
விளக்கு சிமிட்டியது.
கயிறு இழுத்துக் காய்ப்பேறிய ஒற்றை விரலால்
கட்டையையும் தட்டினார்.
ஐந்து தட்டு.
நான் போட்ட கூச்சலில்
சொறிமீன் பட்டவர் போலக் கையைத் தூக்கி
அப்படியே வைத்திருந்தார்.

சனிக்கிழமை அவர் கடலுக்குப் போனபின்
ஹெட்போனை மாட்டி அதை ஓடவிட்டேன்.
இந்தக் கருவி குரலைப் பதிவு செய்யாது.
கட்டை எப்போது விழுந்தது, எவ்வளவு வேகமாய் விழுந்தது,
அது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

முதலில் அந்த ஐந்து,
ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை உதைப்பதுபோல.
அப்புறம் ஒன்றுமில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தொன்பது விநாடி.
அதற்குள் நான் இழுத்த டீசல் கடன் இல்லை,
அவர் அம்மாவை இழுத்தது இல்லை,
'தெரியாமத்தானடி' இல்லை,
தட்டு விழுந்த சத்தம்கூட இல்லை.
ஓரம் துல்லியமாக வெட்டி எடுத்த
வெறும் நீளம்.
முடிவில் ஒரே ஒரு கட்டை, மிக மெதுவாக.
அதை அவர் தொட்டது
அன்றைக்கு என் காதில் விழவே இல்லை.

திரும்பவும் ஓட்டினேன்.
அந்தக் காய்ப்பு விரலுக்கு
அத்தனை லேசாகத் தொடத் தெரியும் என்று
எனக்கு யார் சொன்னது?

என் பாட்டு எங்கேயும் போகவில்லை.
கையில் இருக்கிறது, நாளைக்கே வாசிக்கலாம்.
பதிவுப் பொத்தானின் மேல் மட்டும்
கம்பெனி பில் கிழித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினேன்.
மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருந்தபோது
சுவரில் தட்டினாள் ஜெசிந்தா:
'என்னக்கா, இன்னைக்கு ஒன்னும் வெட்டலையா?'